‘முதல் தரம்’ என்று எழுதினால் போதாது: வீடு கட்டும் ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே இரண்டே தாள். “சதுர அடி 2,300 ரூபாய். முதல் தரமான கம்பி, சிமெண்ட், நல்ல மரம். வேலை சுத்தமாக முடித்துத் தரப்படும்.” கீழே இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

வரைபடத்தில் வீடு 1,200 சதுர அடி. அவர் மனதில் வைத்திருந்த தொகை 27,60,000 ரூபாய். கடைசி பில்லில் பரப்பளவு 1,460 சதுர அடி ஆகியிருந்தது. போர்டிகோ 120, மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம் 90, சன்ஷேடுகள் 50. கூடுதலாக 5,98,000 ரூபாய். “சன்ஷேடுக்குக்கூடவா சார் சதுர அடி கணக்கு?” என்று கேட்டபோது அவர் குரல் கம்மியிருந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

ஒப்பந்ததாரர் ஏமாற்றினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. போர்டிகோவைப் பாதியாக அளப்பவர்களும் உண்டு, முழுதாக அளப்பவர்களும் உண்டு. எப்படி அளப்பது என்று அந்த இரண்டு தாளில் ஒரு வரிகூட இல்லை. இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். சன்ஷேடை விட்டுவிட்டு, போர்டிகோவைப் பாதியாக எடுத்து, 3,45,000 ரூபாய்க்கு முடித்தோம். கிரகப்பிரவேசத்துக்கு அந்த ஒப்பந்ததாரரை அவர் அழைக்கவில்லை.

பலரும் ஒன்றைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். “அதான் ரெரா சட்டம் இருக்கிறதே, 5 வருடம் பில்டர்தானே பொறுப்பு?” என்பார்கள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அந்த 5 வருடப் பொறுப்பு, அதன் கீழ் வரும் திட்டங்களில் வீடு வாங்குபவர்களுக்கு. உங்கள் சொந்த மனையில் ஒருவரை வைத்து நீங்கள் கட்டும் வீட்டுக்கு அது பொருந்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வீடு கட்டித் தருவதையும் சேவையாகவே பார்க்கிறது. அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது, “ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?” என்றுதான்.

ஆகவே முதல் வேலை, எந்தெந்த இடம் சதுர அடிக் கணக்கில் வரும், முழுதாகவா பாதியாகவா என்று பெயர் சொல்லி எழுதுவது. அடுத்து, அந்த ரேட்டுக்குள் வராதவை. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், மேல்நிலைத் தொட்டி, லாப்ட், முகப்பு அலங்கார வேலை, போர்வெல், மழைநீர் சேகரிப்புக் குழி ஆகியவை உள்ளே சேருமா, தனியா? தனி என்றால் என்ன விலை? கடைக்கால் (அஸ்திவாரம்) ஆழத்தையும் விட்டுவிடக் கூடாது. 5 அடி என்று பேசியிருப்பார்கள், அஸ்திவாரப் பள்ளம் தோண்டினால் களிமண்ணாக இருக்கும், இன்னும் 3 அடி போக வேண்டி வரும். அந்தக் கூடுதல் ஆழத்துக்கான ரேட்டை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பேஸ்மெண்ட், அதாவது வீட்டின் தரை நிற்கும் மேடையின் உயரத்தைச் சாலை மட்டத்திலிருந்து அளந்து குறிப்பிடுங்கள். உள்ளே நிரப்பும் கிராவல் யார் செலவு என்பதும் அதோடு வரட்டும்.

பொருட்களுக்கு வருவோம். ‘முதல் தரம்’ என்ற சொல்லை நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் எல்லாம் அடித்துவிடுவேன். கம்பி என்றால் எஃப்இ 500டி அல்லது 550டி (கம்பியின் வலுவைச் சொல்லும் தரக் குறியீடு), ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது, இந்த இரண்டு மூன்று பிராண்டுகளில் ஒன்று என்று இருக்க வேண்டும். கான்கிரீட்டின் வலுவைச் சொல்லும் தரம் எம்20-க்குக் குறையக் கூடாது. கடற்கரைப் பக்கம் என்றால் அதைவிடக் கூடுதல் தரம் தேவை, பொறியாளரைக் கேட்டு எழுதுங்கள். கட்டுமானத்துக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட். டைல்ஸ், குழாய், சுவிட்சு, கதவு இவற்றுக்கெல்லாம் உச்ச விலை போட்டுக்கொள்ளுங்கள். ‘டைல்ஸ் சதுர அடிக்கு 60 ரூபாய் வரை, அதற்கு மேல் வித்தியாசம் உரிமையாளர் தருவது’ என்கிற மாதிரி.

கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் சென்ட்ரிங் பற்றி ஒப்பந்தத்தில் யாரும் எழுதுவதில்லை. நான் எழுதச் சொல்கிறேன். முட்டும் தகடும் பெரும்பாலும் நாள் வாடகைக்கு வருபவை. ஒரு நாள் முன்னால் பிரித்தால் ஒப்பந்ததாரருக்கு ஒரு நாள் வாடகை மிச்சம். ரூஃப் போட்டு ஐந்தாம் நாளே பிரிக்கத் துடிப்பதற்குக் காரணம் இதுதான். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-படி, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். அதுவும் ஓபிசி எனும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. வீடுகளில் இப்போது அதிகம் போடுவது சாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமெண்ட், அது மெதுவாகத்தான் வலு ஏறும். அதனால் 14 நாள் என்றே எழுதிவிடுவேன். ரூஃப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதற்கும் அதே 14 நாள். அந்தத் தண்ணீர் யார் பொறுப்பு என்பதையும் சேருங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் முதலில் நின்றுபோவது இந்த வேலைதான்.

பணத்தைத் தேதிக்குத் தராதீர்கள், வேலைக்குத் தாருங்கள். பேஸ்மெண்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்), ரூஃப், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த பிறகு இவ்வளவு என்று வையுங்கள். ரூஃப் முடிந்தபோதே 80 சதவீதம் கொடுத்துவிட்டு, பூச்சுக்கு ஆள் வரவில்லை என்று என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். கடைசி 5 சதவீதத்தை ஆறு மாதமாவது நிறுத்தி வைக்க ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள், ஒரு மழைக்காலத்தை வீடு பார்த்துவிடும். ஜிஎஸ்டி ரேட்டுக்குள் அடக்கமா என்பதையும், சிமெண்ட், கம்பி விலை ஏறினால் யார் தாங்குவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும் விலை பேசி வாட்ஸ்அப்பிலாவது இருவரும் சரி என்று போட்ட பிறகே தொடங்குவது என்று ஒரு வரி வேண்டும்.

ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுப்போனால்? இதைக் கேட்கவே பலருக்குக் கூச்சம். நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாக எதற்கு என்பார்கள். தொடர்ந்து 30 நாள் வேலை நின்றால் எழுத்தில் அறிவிப்பு தந்து, முடிந்த வேலையைப் பொறியாளரை வைத்து அளந்து, மீதியை வேறு ஆளிடம் தரலாம் என்று கட்டாயம் எழுதுங்கள். தாமதமானால் மாதத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் கட்டும் வாடகையையொட்டி ஒரு தொகை வையுங்கள். வேலையாட்களின் விபத்துக் காப்பீடு ஒப்பந்ததாரர் எடுக்க வேண்டியது. சாரம் சரிந்து சித்தாள் அம்மா ஒருவர் கால் முறிந்து படுத்ததையும், மருத்துவமனைச் செலவை யார் தருவது என்று இரண்டு பக்கமும் கை விரித்ததையும் நேரில் பார்த்தவன் நான்.

வீட்டை ஒப்படைத்த பிறகு விரிசல், ஒழுக்கு வந்தால் எத்தனை மாதம் இலவசமாகச் சரிசெய்து தருவார் என்பதும் ஒப்பந்தத்திலேயே வரட்டும். பொதுவான குறைகளுக்கு 12 மாதம், தளத்தில் நீர்க்கசிவுக்கு 5 வருடம் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஒப்பந்ததாரர் பேரம் பேசுவார், மறுக்க மாட்டார்.

அனுமதி வாங்கிய வரைபடம், கம்பி விவரம் உள்ள வரைபடம் இரண்டையும் ஒப்பந்தத்தோடு இணைத்து, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்திடுங்கள். அப்புறம் ஒன்று. பூச்சுக்கு முன்னால் எல்லாச் சுவரிலும் பைப், ஒயரிங் போன வழியை அளவு டேப் வைத்துப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று சேருங்கள். அந்த ஆசிரியர் வீட்டில் கண்ணாடி மாட்ட ஆணி அடித்தபோது தண்ணீர் பீறிட்டது. பைப் எங்கே போகிறது என்று தெரியாமல், புது டைல்ஸை மூன்று இடத்தில் உடைத்துப் பார்த்தார்கள்.