பை வைக்காமல் குடலை இணைக்க முடியாதா?

குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இணைக்கும் ஆபரேஷனுக்கு வருபவர்களிடம், "கொஞ்ச நாளைக்கு வயிற்றில் பை இருக்கும்" என்று சொன்ன உடனே முகம் மாறிவிடும். புற்றுநோய் என்று சொன்னபோது அழாதவர்கள்கூட இதைக் கேட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். வேறு வழியே இல்லையா டாக்டர் என்பார்கள். பலருக்கு இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை.

குடலைத் தைத்த இடம் ஆறுவதற்குள் கசிந்தால் மலம் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஸ்டோமா, அதாவது குடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே திறந்து மலத்தைப் பையில் விழவைக்கும் வாய், வைத்தாலும் கசியலாம், ஆனால் மலம் அந்தப் பக்கம் போகாததால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அதனால்தான் ஆசனவாய்க்கு மிக அருகில் இணைக்கும்போதும், கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் இணைக்கும்போதும் நானும் பெரும்பாலும் பையைத்தான் சொல்கிறேன். அதன் தொல்லைகளும் சின்னவை இல்லை. சிறுகுடலில் வைத்த ஸ்டோமாவில் நீர் அதிகமாகப் போய் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், சுற்றியுள்ள தோல் புண்ணாகும், மூட இன்னொரு ஆபரேஷன் வேண்டும், தற்காலிகம் என்று வைத்தது சிலருக்குக் கடைசிவரை மூடப்படாமலே போய்விடுகிறது.

காயத்தால் குடல் கிழிந்தவர்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெருங்குடலில் காயம் என்றாலே குடலை வெளியே கொண்டுவந்து வைக்கவேண்டும் என்பது ராணுவ மருத்துவர்களுக்கு உத்தரவாகவே இருந்தது. 1979இல் ஸ்டோன், ஃபேபியன் என்ற இருவரின் ஆய்வு, தகுந்த நோயாளிகளுக்கு நேராகத் தைத்து மூடினாலே போதும் என்று காட்டியது, இன்று பெரும்பாலான காயங்களுக்கு அதுதான் முதல் வழி. ரத்த அழுத்தம் இறங்கிப்போய் வருபவருக்குக்கூட, கெட்ட பகுதியை எடுத்துவிட்டு முனைகளை அடைத்து, ஐசியூவில் தேற்றி, 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கும்போது இணைத்துவிட முடிகிறது.

மலக்குடல் ஆபரேஷனில் எனக்கு மிகவும் பிடித்தது கோஸ்ட் இலியோஸ்டமி, அதாவது திறக்காமல் தயாராக மட்டும் வைக்கும் சிறுகுடல் ஸ்டோமா. சிறுகுடலைத் திறக்காமல், அதைச் சுற்றி ஒரு மெல்லிய டேப்பைப் போட்டு நுனியை மட்டும் தோலுக்கு வெளியே விட்டு வைப்போம். கசிவு தெரிந்தால் அந்த டேப்பைப் பிடித்தே குடலை வெளியே எடுத்து ஸ்டோமாவாக்கிவிடலாம், எல்லாம் நன்றாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் படுக்கையிலேயே உருவிவிடலாம். இன்னொன்று, பெருங்குடல் முனையை ஆசனவாய் வழியே வெளியே விட்டுவைத்து, அது உள்ளே ஒட்டிக்கொண்ட பிறகு மிச்சத்தை வெட்டித் தைப்பது. அந்த நாட்கள் சிரமமானவைதான், ஆனால் பை வேண்டாம் என்பவர்களில் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆசனவாய் வழியே ஒரு டியூப் வைத்து உள் அழுத்தத்தைக் குறைப்பதும் உண்டு.

எந்த வழி என்றாலும் இணைப்பில் காற்றடித்துக் கசிகிறதா என்று சோதிப்பதும், வசதி இருந்தால் பச்சைச் சாயம் ஏற்றி முனைகளுக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பதும் பெரிய தைரியம். உங்கள் பங்குக்கு, புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், என் இணைப்பு எந்த உயரத்தில் வரும், கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். அப்புறம், பை இல்லாமல் வீட்டுக்குப் போனவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சலோ, படபடப்போ, வயிறு உப்பி வலியோ வந்தால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்று இரவே வந்துவிடுங்கள்.