நீடிலைத் திருகுறதுக்கு முன்னாடி ஜாடியைப் பாருங்க

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி தன்னோட ரிமோட் மாடல் ஹெலிகாப்டரோட 50 சைஸ் என்ஜினைப் பழைய பனியன்ல சுத்தி எடுத்துட்டு வந்தான். "அண்ணே, ரெண்டு டேங்க் சூப்பரா பறந்துச்சு, மூணாவதுல ஏறும்போதே பவர் போயிடுச்சு, எப்படியோ என்ஜின் இல்லாம, ரோட்டர் தானா சுத்துற ஆட்டோ ரொட்டேஷன்ல இறக்கிட்டேன்"ன்னான். ஃபேனைக் கையால சுத்திப் பார்த்தேன், பிஸ்டன் மேல வர்ற இடத்துல விரலுக்கு ஒரு அழுத்தம் தட்டணும், அது இல்ல, சும்மா தளதளன்னு சுத்துது. ஹெட்டைக் கழட்டினா எக்ஸாஸ்ட் பக்கத்துல பிஸ்டன் மேல நேர் நேரா கோடு, ஆணியால கீறின மாதிரி.

இது லீனா, அதாவது காத்துக்கு ஏத்த ஃபியூல் கிடைக்காம ஓடின என்ஜின், பார்த்ததுமே தெரியும். ஃபியூல் அளவைக் கூட்டிக் குறைக்க கார்புரேட்டர்ல இருக்குற ஊசி ஸ்க்ரூதான் நீடில். "நீடிலைத் திருகினியா?"ன்னு கேட்டா, "சத்தியமா தொடல அண்ணே, நீங்க வச்சுக் குடுத்த மாதிரியே இருக்கு"ங்கிறான். பையன் பொய் சொல்லல. அப்புறம்தான் வாயைப் புடுங்குறேன், ஃபியூல் என்ன ஊத்தினேன்னு. "15 சதவீத நைட்ரோ கிடைக்கல, 30 வாங்கினேன், அது இன்னும் நல்லதுதானே?"

அங்கதான் விஷயம். நம்ம ஃபியூல்ல மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூணும் கலந்திருக்கு. மெத்தனால் ஒரு பங்கு முழுசா எரியணும்னா எடைக்கணக்குல சுமார் ஆறரை பங்கு காத்து வேணும், நைட்ரோவுக்கு ஒண்ணே முக்கால் பங்கு இருந்தாலே போதும், ஏன்னா அது தனக்குள்ளயே ஆக்சிஜனை வச்சிருக்கு. அதனால நைட்ரோ சதவீதம் ஏறினா அதே காத்துக்கு என்ஜின் இன்னும் நிறைய ஃபியூல் கேக்கும், மெயின் நீடிலைத் திறந்து விடணும். 15க்கு வச்ச நீடில்ல 30ஐ ஊத்தினா நீங்க எதையும் திருகாமலே என்ஜின் லீன் ஆயிடும். இன்னொண்ணு, இது டூ ஸ்ட்ரோக், தனியா ஆயில் பம்பு கிடையாது, பிஸ்டனுக்குப் போற எண்ணெய் மொத்தமும் ஃபியூல் கூடத்தான் வருது. ஃபியூல் குறைஞ்சா எண்ணெயும் குறையும், மெத்தனால் ஆவியாகிக் குடுக்குற குளிர்ச்சியும் குறையும், மூணும் ஒரே நேரத்துல. முதல் ரெண்டு டேங்க் "சூப்பரா" பறந்ததுக்குக் காரணமும் அதேதான், லீன் ஆன என்ஜின் சாகறதுக்கு முன்னாடி நல்லாப் பாடும்.

சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை, ஈரம். மெத்தனால் காத்துல இருக்குற தண்ணியை உறிஞ்சிக்கும், மூடியைச் சரியா மூடாம வீட்டுப் பால்கனில ரெண்டு மாசம் வச்சா ஃபியூல்ல தண்ணி ஏறிடும், ஐடில், அதாவது மெதுவா ஓடுற நிலை, நிக்காது, பத்த வைக்குற குளோ பிளக் அடிக்கடி அணையும், உடனே நம்மாளு ஸ்க்ரூடிரைவரை எடுத்துடுவான். அந்த ஃபியூலுக்காகத் திருகின நீடில் புது ஜாடி வந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதனால என்கிட்ட வர்றவங்க எல்லார்கிட்டயும் முதல்ல கேக்குறது ஜாடி எப்பத் திறந்தது, அடுத்தது பிளக் எப்ப மாத்தினது, அப்புறம் டேங்க்குக்குள்ள இருக்குற டியூப்ல ஊசி முனை அளவு ஓட்டை இருக்கா. இந்த மூணும் சரின்னா மட்டும் கார்புரேட்டர் பேச்சு. வெயில் மழைன்னு பயப்படாதீங்க, நம்ம ஊர்ல காலைல 25 டிகிரி, மதியம் 32, அதுக்கு நீடில்ல ஒண்ணு ரெண்டு கிளிக்குக்கு (திருகும்போது தட்டுற ஒவ்வொரு படி) மேல தேவைப்படாது, ஆனா மதியம் வச்சதை விடிகாலைல பறக்கவிட்டா காத்து கனமா இருக்கும், கொஞ்சம் லீன் பக்கம் போகும்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நான் வைக்கிற முறை ரொம்ப சாதாரணம். மேனுவல்ல சொன்ன சுத்தை விடக் கொஞ்சம் கூடவே திறந்து ஆரம்பிப்பேன், ரெண்டு மூணு நிமிஷம் ஹோவர் (அந்தரத்துல ஒரே இடத்துல நிக்கிறது), ஒரு நீள ஏத்தம், புகை வெள்ளையா வால் மாதிரி பின்னாடி நிக்கணும். இறக்கி என்ஜினை அணைச்சு, ரோட்டர் முழுசா நின்னதும் என்ஜினோட பின் மூடியான பேக்பிளேட்டுல விரல் வைப்பேன், அஞ்சு எண்ணுற வரைக்கும் பொறுக்கணும், முடியலன்னா நீடிலை இன்னும் திறக்கணும். பவர் பத்தலன்னு தோணினா ஒரு கிளிக் மூடு, திரும்பப் பற, திரும்பத் தொடு. ஒரே தடவைல நாலு கிளிக் மூடறவன் எனக்கு சோறு போடறவன். மெதுவா ஓடும்போது ஃபியூலை அளக்குற ஐடில் நீடிலுக்கு ஃபியூல் டியூபை ஐடில்ல விரலால நசுக்குவேன், ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு சத்தம் லேசா ஏறி அணைஞ்சா சரி, உடனே செத்தா லீன், ரொம்ப நேரம் ஏறிக்கிட்டே போனா ரிச், அதாவது ஃபியூல் கூடுதல்.

இந்த நசுக்குற வேலைக்கு மட்டும்தான் என்ஜின் ஓடணும், அப்போ இன்னொரு ஆள் ரோட்டர் ஹெட்டைக் கெட்டியா பிடிச்சிருக்கணும், ரிமோட்ல ரோட்டரை முழு வேகத்துல ஓட்டுற ஐடில் அப் சுவிட்ச் அணைஞ்சிருக்கான்னு ரெண்டு பேரும் பார்க்கணும். மெயின் நீடிலைத் திருகறது எப்பவும் ரோட்டர் நின்ன பிறகுதான். சிலர் "ரெண்டு கிளிக்தானே"ன்னு சுத்திக்கிட்டு இருக்குற பிளேடுக்கு அடியில கையை நீட்டறதைப் பார்த்திருக்கேன், வயிறு கலங்கும். 600 மில்லிமீட்டர் பிளேடு நிமிஷத்துக்கு 2000 சுத்து போனா நுனி வேகம் மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல. 2013ல நியூயார்க்குல புரூக்ளின் பார்க் ஒண்ணுல 19 வயசு பையன் தன்னோட மாடல் ஹெலிகாப்டர் பட்டே இறந்தான், அவன் பறக்கவிடத் தெரியாதவனும் இல்ல.

ஃபியூலை மினரல் வாட்டர் பாட்டில்ல மாத்தி ஊத்தாதீங்க, மெத்தனால் குடிச்சா கண்ணு போகும், உயிரும் போகும், எரிஞ்சா வெயில்ல சுடர் கண்ணுக்கே தெரியாது. ஜாடியைத் தூக்கிட்டு எம்ஆர்டி ரயில்ல ஏறாதீங்க, 5000 வெள்ளி அபராதம்னு ஸ்டேஷன்ல போர்டே இருக்கு. 250 கிராமுக்கு மேல இருக்குற எதையும் பதிவு பண்ணாம பறக்கவிடக் கூடாதுங்கறது 2020லேருந்து சட்டம், 50 சைஸ் மூணு கிலோவுக்கு மேல வரும்.

தம்பிக்குப் புது பிஸ்டனும் அது ஓடுற சிலிண்டர் உறையான லைனரும் போட்டு, இந்தத் தடவை 30க்கே நீடிலைத் திறந்து வச்சுக் குடுத்தேன். போன வாரம் மறுபடி வந்தான், என்னடா திரும்பவுமான்னு பார்த்தா ஜாடியைக் காட்டத்தான் வந்திருக்கான், மார்க்கர்ல பெருசா 30ன்னும் திறந்த தேதியும் எழுதி வச்சிருக்கான். மூடி மட்டும் லூசா இருந்துச்சு.