நஞ்சு விழும் வரை குட்டியைப் பட்டினி போடாதீர்கள்

போன தை மாதம் ஒரு நாள், இரவு பத்தரை மணிக்குப் போன் அடித்தது. "டாக்டரம்மா, ஆடு சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு குட்டி போட்டுச்சு. இன்னும் நஞ்சு விழல. வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போறீகளா?" பேசியவர் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமத்து ஆச்சி. நான் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "குட்டி ரெண்டும் ஊட்டுச்சா ஆச்சி?" என்றேன். "நஞ்சு விழாம எப்படித் தாயி ஊட்ட விடுறது?" என்று பதில் வந்தது, நான் ஏதோ விவரம் தெரியாத சின்னப் பிள்ளை என்பது போல.

நாலரை மணி நேரம் அந்த இரண்டு குட்டிகளும் பஞ்சாரத்துக்குள் கத்திக்கொண்டிருக்கின்றன. தாயின் மடியில் சீம்பால் நிறைந்து கனக்கிறது. நடுவில் தடையாக நிற்பது, நஞ்சு, அதாவது குட்டிக்குப் பின்னால் வெளியே வரும் நஞ்சுக்கொடி, விழும் முன் குட்டி பால் குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை மட்டும்தான்.

கால்நடை மருத்துவராக நான் பார்த்த குட்டிச் சாவுகளில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பில்தான் தொடங்கியது என்பது என் கணிப்பு. எழுதி வைத்த கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் சாகக் கிடக்கும் குட்டியைக் கொண்டுவருபவர்களிடம் "பிறந்த அன்று எப்போது முதல் பால் குடித்தது?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு விடை மனப்பாடம் ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ளும். ஆட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அது அவற்றை உள்ளே விடாது. ஆகவே வெள்ளாட்டுக் குட்டி எந்த நோயையும் எதிர்க்கத் தெரியாமல்தான் தரையில் விழுகிறது. தாய் சேர்த்து வைத்த பாதுகாப்பு முழுக்க சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடல் அதை அப்படியே இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும் திறன் முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஆறு மணி நேரம் தாண்டினாலே குறையத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் அந்தக் கதவு மூடிவிடும். மறுநாள் சாயங்காலம் எவ்வளவு சீம்பால் ஊட்டினாலும் வயிறு நிறையும்; இரத்தத்தில் ஒன்றும் ஏறாது.

காத்திருந்த குட்டி அன்றைக்கே செத்துவிட்டால் இந்த நம்பிக்கை எப்போதோ ஒழிந்திருக்கும். அது சாவதில்லையே! மறுநாள் துள்ளுகிறது. ஐந்தாம் நாள் கழிச்சல் வருகிறது. இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து முழங்கால் வீங்கி நொண்டுகிறது, அல்லது மூச்சு இரைக்கிறது. அதற்குள் முதல் நாள் இரவு என்ன நடந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? பனி ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணு பட்டுவிட்டது என்று பழி வேறு எங்கோ போய்விடுகிறது.

நஞ்சு என்ற பெயரே இந்தப் பயத்துக்குக் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உள்ளே 'நஞ்சு' இருக்கும்போது பாலிலும் அது கலந்திருக்கும் என்று யாரோ எப்போதோ நினைத்திருக்கலாம். உண்மை நேர் எதிர். குட்டி காம்பைச் சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாலை இறக்கிவிடுவது அதுதான். கருப்பையைச் சுருங்க வைத்து நஞ்சுக்கொடியைத் தள்ளுவதும் அதுதான். நஞ்சு விழ வேண்டுமென்று குட்டியைத் தள்ளி வைப்பவர், நஞ்சு விழ உதவும் வழியையே அடைத்து வைக்கிறார்.

ஆச்சியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "ஊசியை நான் கொண்டுவரேன், அதுக்குள்ள ரெண்டு குட்டியையும் மடியில விடுங்க" என்றேன். நான் கிளம்பும் முன்பே மறுபடி போன் வந்தது. நஞ்சு விழுந்துவிட்டதாம். அதற்கு நான் பெருமை கொண்டாட முடியாது. பொதுவாகவே வெள்ளாட்டுக்குச் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால்தான் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதற்குள் கையால் பிடித்து இழுப்பதோ, தொங்கும் நஞ்சில் செருப்பையும் கல்லையும் கட்டிவிடுவதோ வேண்டவே வேண்டாம். கருப்பை கிழிந்துபோன ஆட்டை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, குட்டி விழுந்ததும் என்ன செய்ய வேண்டும்? மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிட்டு, குட்டியைத் தாயின் முகத்தருகே போடுங்கள். தாய் நக்கட்டும். நக்குவதில்தான் குட்டி காய்கிறது, தாயும் அதன் வாசனையைப் பழகிக்கொள்கிறது. குட்டியைத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டிக் கொண்டுவந்தால், தலையீற்று ஆடு அதைத் தன் குட்டி இல்லையென்று முட்டித் தள்ளக்கூடும். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் வையுங்கள். முழங்கால் வீக்கத்துக்கான கிருமி பெரும்பாலும் நுழைவது அந்த வழியாகத்தான். பிறகு மடியை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு கறந்து கீழே விடுங்கள். காம்பு நுனியில் மெழுகு போல ஓர் அடைப்பு இருக்கும். பலமில்லாத குட்டியால் அதைச் சப்பி எடுக்க முடியாது. குட்டி காம்பைப் பிடித்துச் சப்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுந்திருங்கள். இவ்வளவும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

அளவு கேட்பவர்களுக்கு: குட்டியின் ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லி. இரண்டு கிலோ குட்டிக்கு 100 மில்லி, அதாவது டீக்கடைக் கண்ணாடி டம்ளர் அளவு. முதல் நாள் முழுவதும் சேர்த்து 300 முதல் 400 மில்லி போக வேண்டும். தாயிடமே ஊட்டும் குட்டிக்கு அளந்துகொண்டிருக்க வேண்டாம். விலாவைத் தடவினால் வயிறு நிறைந்து தெரியும், கத்தாமல் தூங்கும்.

சிக்கல் வருவது மூன்றாவது குட்டிக்கு. மாட்டுக்கு நாலு காம்பு, ஆட்டுக்கு இரண்டுதான். தலைச்சேரி ஆடும் அதன் கலப்பும் மூன்று போடுவதும் உண்டு. பெரிய குட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். சின்னது முட்டுப்பட்டு ஓரத்தில் நிற்கும். அதற்குச் சீம்பாலைக் கறந்து பாட்டிலில் கொடுப்பதுதான் வழி. குழந்தைகளுக்கான ரப்பர் நிப்பிள் போதும், ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். குட்டியை நிற்க வைத்து, தாயிடம் ஊட்டும்போது இருப்பது போலக் கழுத்தை முன்னால் நீட்டச் செய்து கொடுங்கள். அப்படிச் சப்பிக் குடித்தால் பால் முதல் இரைப்பையைத் தொடாமல், ஒரு மடிப்பு வழியாக நேரே நாலாவது அறைக்குப் போகும். அங்குதான் அது செரிக்கும். குழந்தைக்குச் சங்கில் புகட்டிய பழக்கத்தில் குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டுச் சங்கால் ஊற்றுகிறார்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் அவ்வளவுதான்.

அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மார்கழி விடியலில் துவண்டு கிடந்த குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பசி என்று எண்ணி, சூடான சீம்பாலைச் சிரிஞ்சில் எடுத்து வாயில் விட்டேன். மூக்கில் நுரை தள்ளி அரை மணி நேரத்தில் போய்விட்டது. உடல் குளிர்ந்துபோன குட்டிக்கு விழுங்கத் தெரியாது. வயிற்றுக்குப் போனாலும் செரிக்காது. வாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், விரலைச் சப்பாவிட்டால், முதல் வேலை பால் அல்ல, சூடு. பழைய சேலையில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்து, சூடேறிச் சப்பத் தொடங்கிய பிறகு பால். அப்போதும் சப்பவில்லையென்றால் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும்; அது மருத்துவர் கையால் நடக்கட்டும்.

தாய் செத்துப்போனால், அல்லது மடி வற்றிக் கிடந்தால்? அதே நேரத்தில் குட்டி போட்ட வேறு ஆட்டின் சீம்பால் நல்லது. அது இல்லையென்றால் அன்று கன்று போட்ட பசுவின் சீம்பால் அடுத்த நிலை. பத்து இருபது ஆடு வைத்திருப்பவர்கள், மிச்சமாகும் சீம்பாலைச் சின்னப் பாட்டில்களில் ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும்போது கை பொறுக்கும் சூட்டு நீரில் பாட்டிலை நிறுத்திக் கரைக்க வேண்டும். அடுப்பில் நேராக வைத்தால் திரிந்து கட்டியாகிவிடும்; நாம் வெல்லமும் ஏலக்காயும் போட்டுத் தின்ன அது சரி, குட்டிக்குப் பயன்படாது. பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் கைவைத்தியம் உயிரைப் பிடித்து வைக்கத் தெம்பு தரலாம்; எதிர்ப்புச் சக்தி அதில் கிடையாது.

சீம்பாலின் தரத்தைக் குட்டி போடும் முன்பே கூட்டலாம். சினை ஆட்டுக்கு ஐந்து மாதம். நாலாவது மாதத்தில் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டால், அந்தப் பாதுகாப்பு சீம்பாலில் இறங்கிக் குட்டிக்குப் போகும். நமது ஊரில் பலர் வளர்ந்த ஆட்டுக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சினை ஆடென்றால் ஊசியே வேண்டாம் என்று பயம். பதமாகப் பிடித்துப் போட்டால் பயம் வேண்டியதில்லை.

நாலாம் நாளிலிருந்து சாதாரணப் பால்தான். பாட்டில் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை, அப்புறம் மூன்று. பசும்பாலில் வளர்க்கும்போது 'செரிக்காது' என்று பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றுகிறார்கள். செரிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கழுவாத பாட்டிலும், ஒரே வேளையில் அளவுக்கு மீறிக் கொடுப்பதும்தான். தண்ணீர் ஊற்றினால் குட்டி வயிறு உப்பி எலும்பாய் நிற்கும். இரண்டு வாரத்தில் அகத்தி, வேலிமசால் கொழுந்தைக் குட்டியின் வாய் எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கடித்துக் கடித்துத்தான் முதல் இரைப்பை வளரும்.

இனி கறவைக்கு வருவோம். கன்னி ஆடும் கொடி ஆடும் கறிக்கான ஆடுகள். அவற்றின் பால் குட்டிக்குப் போதும், நமக்கு மிஞ்சாது. ஜமுனாபாரியிலும் தலைச்சேரியிலும் ஓரளவு மிஞ்சும். டீக்குப் பால் வேண்டுமென்றால் மூன்று வாரம் பொறுங்கள். அப்புறம் இரவில் மட்டும் குட்டியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, விடியலில் கறந்துவிட்டுப் பகல் முழுக்கத் தாயோடு விட்டுவிடலாம். பாதியைக் கறந்து மீதியைக் குட்டிக்கு விடுவதாகச் சொல்லும் பலர் கடைசிச் சொட்டு வரை கறந்துவிடுகிறார்கள், குட்டியின் முதுகெலும்பைத் தடவினால் தெரிந்துவிடும்.

கறக்கும் கை முக்கியம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பக்கத்தை வளையம் போல அடைக்க வேண்டும். பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்தி இறக்க வேண்டும். இழுக்கக் கூடாது. கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் நசுக்கிக் கறப்பது பலருக்குப் பழகிப்போன வழி. காம்பின் உள்சுவர் புண்ணாகி மடிநோய்க்கு அதுவே வாசலாகிறது. முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரிதிரியாக வந்தால் நோய். மடிநோயைக் கண்டறிய மாட்டுப் பாலில் செய்யும் சோப்புக் கரைசல் சோதனையை ஆட்டில் அப்படியே நம்ப வேண்டாம். அந்தச் சோதனை காட்டுவது பாலில் உள்ள செல்களை; நலமான ஆட்டுப் பாலிலேயே அவை அதிகம் என்பதால் ஏமாற்றிவிடும். மடி ஒரு பக்கம் சில்லிட்டு நீலம் பாய்ந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்காதீர்கள், அந்தப் பக்கம் அழுகி விழுவதோடு ஆடும் போய்விடும். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து, முன்னால் தழையைப் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடும் முன் ஆடு புழுக்கையில் படுத்தால் செய்ததெல்லாம் வீண்.

பாலில் வாடை என்று புகார் சொல்பவர்கள் கிடா எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்கட்டும். பக்கத்திலேயே இருந்தால் அந்த வாடை பாலில் ஏறும்.

டெங்குக் காலத்தில் வேறொரு தொல்லை. தட்டணுக்களைக் கூட்டும் என்று ஆட்டுப்பாலுக்கு ஆள் தேடி வருகிறார்கள், அதிலும் பச்சையாகக் குடிக்க வேண்டுமாம். அப்படிக் கூட்டும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. பச்சைப் பாலில் புருசெல்லா கிருமி இருக்கலாம் என்பது மட்டும் நிரூபணமானது. மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலுக்கு மூலம் அங்கிருந்த ஆடுகள்தான் என்று 1905இல் மால்டா மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் கண்டுபிடித்தார். ஒரு கொதி வரக் காய்ச்சினால் அந்தக் கிருமி செத்துவிடும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் தருவதும் கூடாது. அதில் ஃபோலேட் சத்து மிகக் குறைவு, இரத்தச்சோகை வரும்.

ஆச்சியின் இரண்டு குட்டிகளில் ஒன்று ஆறாம் நாள் கழிச்சலில் செத்தது. காரணம் அந்த நாலரை மணி நேரம்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆச்சியும் கேட்கவில்லை. புரட்டாசியில் அதே ஆடு மறுபடி குட்டி போட்டது. விடியக்காலை ஐந்து மணிக்குப் போன். "மூணு குட்டி தாயி. ரெண்டு ஊட்டிக்கிட்டு கெடக்கு. மூணாவதுக்குக் காம்பு இல்ல, கறந்து வச்சிருக்கேன். அந்த ரப்பரு எந்தக் கடையில கெடைக்கும்?"