டைவர்ட்டர் எடுக்க மூணு வாரம், பழி மட்டும் கான்ட்ராக்டருக்கா?

இந்த மாதம் இது மூன்றாவது பஞ்சாயத்து. தையில் கிரகப்பிரவேசம் என்று பேசிய வீடு 72 நாள் தள்ளிப்போய்விட்டது. நாளுக்கு 2,000 ரூபாய் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் கடைசி பில்லில் 1,44,000 ரூபாயை நிறுத்திவைத்துவிட்டார்.

சைட் டைரியையும் வாட்ஸ்அப்பையும் வாங்கிப் பார்த்தேன். குளியலறைச் சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டரை (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு) வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்துத் தர 21 நாள். "அடுத்த வாரம் பார்த்துச் சொல்றேன்" என்று மூன்று முறை அவரே அனுப்பியிருக்கிறார். அது வராமல் பைப் முடியாது, டைல்ஸ் ஒட்ட முடியாது.

"கான்ட்ராக்டர் வாசல் கேட்டை 30 நாள் லேட்டாத்தானே மாட்டினார்? அதுல என் 21-ஐக் கழிச்சுக்குங்க" என்றார் வீட்டுக்காரர். சார், இது மளிகைக் கணக்கு இல்லை. கேட் இல்லாததால் எந்த வேலையும் நிற்கவில்லை; வீடு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. அடுத்த வேலையைக் கட்டிப்போட்ட தாமதம் மட்டும்தான் கணக்கில் வரும். பத்து வேலை தலா பத்து நாள் தாமதமானால் நூறு நாள் ஆகிவிடாது. எத்தனை முறை சொல்வது!

கான்ட்ராக்டரும் யோக்கியர் இல்லை. அந்த 21 நாளில் 15 நாள் டைல்ஸ் ஆட்களே ஊரில் இல்லை. டைவர்ட்டர் வந்திருந்தாலும் டைல்ஸ் வேலை நடந்திருக்காது. இப்படி இருவர் தவறும் ஒரே நாளில் விழுந்தால், பொதுவான வழக்கம் இதுதான்: கான்ட்ராக்டருக்குக் கெடு நீளும், கூடுதல் பணம் கிடையாது, வீட்டுக்காரர் அந்த நாட்களுக்குப் பிடிக்கவும் கூடாது. மீதி 6 நாள் வீட்டுக்காரர் தவறு மட்டும்தான்; அதற்குக் கெடுவும் நீளும், வாட்ச்மேன் கூலியையும் அவர் தர வேண்டும். பாக்கி 51 நாள் முழுக்கக் கான்ட்ராக்டர் தலையில். "மழை சார்" என்றார். ஐப்பசியில் மழை வரும் என்று தெரியாமலா கெடு கொடுத்தார்?

அந்த 51 நாளுக்கும் 2,000 அப்படியே கிடைத்துவிடாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி அது உச்சவரம்பு. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். வீடு தள்ளிப்போனதால் வீட்டுக்காரர் கொடுத்த வாடகையோ மாதம் 18,000தான்.

தயவுசெய்து, ஃபிட்டிங்ஸ், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் தேர்வுத் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வேலை நின்றால் அன்றைக்கே மெசேஜ் போடுங்கள், கான்ட்ராக்டர்களே, பில் போடும்போது இல்லை. கெடு தாண்டிச் சாவி வாங்கும் வீட்டுக்காரர்களே, இழப்பீடு கேட்பதாக இருந்தால் வாங்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பால் காய்ச்சிய பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள்.