ராட்டினக் குதிரைக்குத் தனி மோட்டாரா?

பழைய குதிரை ராட்டினத்தில் தட்டு சுற்றுவது புரிகிறது, குதிரைகள் ஏறி இறங்குவது எப்படி, ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டாரா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. சுற்றுகிற அதே விசைதான் தூக்கவும் செய்கிறது.

இங்கிலாந்தின் கிங்ஸ் லின் ஊரில் ஃபிரெடெரிக் சாவேஜ் நீராவி ராட்டினங்கள் செய்தார். ஜெர்மனியிலிருந்து வந்த மரச் செதுக்கர் சார்லஸ் லூஃப், நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1876-இல் ராட்டினம் அமைத்தார். வரலாறு இவ்வளவு போதும், இயந்திரத்துக்கு வருவோம்.

நடுக்கம்பம் அசையாது. அதைச் சுற்றி ஒரு பெரிய பல்சக்கரம், அதுவும் அசையாது. கூரைச் சட்டம்தான் சுற்றுகிறது. அதில் குடைக்கம்பிகள் மாதிரி படுக்கைவாட்டில் நீளும் தண்டுகளின் உள்முனையில் சின்னப் பல்சக்கரங்கள். சட்டம் சுற்றச் சுற்ற, இவை அந்தப் பெரிய சக்கரத்தின் பற்களைக் கவ்வி உருண்டே ஆகவேண்டும், தண்டும் கூடவே உருளும். பெரியதில் 60 பல், சின்னதில் 15 என்றால், ராட்டினம் ஒரு சுற்று முடிப்பதற்குள் குதிரை 4 முறை ஏறி இறங்கும்.

தண்டு நேராக இல்லை, சைக்கிள் பெடல் போல வளைந்திருக்கிறது. அந்த வளைவில்தான் குதிரையின் பித்தளைக் கம்பம் தொங்குகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வளைவு வட்டமாகப் போவதால், குதிரை உச்சியை நெருங்கும்போது தானாகவே மெதுவாகி, நடுவில் வேகமெடுத்து, அடியில் மறுபடி மெதுவாகிறது. குலுக்கலே இல்லை, குழந்தை பயப்படாது. ஒரே தண்டில் அடுத்தடுத்த வளைவுகள் வெவ்வேறு திசையில் இருப்பதால், இறங்குகிற குதிரையின் எடை ஏறுகிற குதிரையைத் தூக்க உதவுகிறது. என்ன அழகான சிக்கனம்!

அமெரிக்க ராட்டினங்கள் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் பார்ப்பவர் கண்ணில் படும் வலப்பக்கத்தில்தான் சிற்பிகள் பூவும் மணியும் செதுக்கினார்கள். இங்கிலாந்தில் வலஞ்சுழி, அங்கே அலங்காரம் இடப்பக்கம்.

இந்த அழகுக்காகவே பல ராட்டினங்களைப் பிரித்து, குதிரைகளை ஒவ்வொன்றாக ஏலத்தில் விற்றுவிட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். வரவேற்பறையில் நிற்பது பாதி குதிரைதான், மீதிப் பாதி அந்தப் பல்சக்கரம். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரையில் லூஃப் 1911-இல் அமைத்த ராட்டினம் இன்றும் ஓடுகிறது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, மிச்சமிருப்பவற்றையும் அப்படியே ஓடவிட வேண்டும்.