பிளேடு ஸ்டீல்: உருக்கா, எஃகா?

காட்டுப் பயணத்துக்கும் தோட்ட வேலைக்கும் ஏற்ற மடங்காத கத்தி ஒன்றை வாங்கத் தேடினால், விலைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது 'பிளேடு ஸ்டீல்' என்ற வரிதான். அதற்கு எதிரே 1095 என்றோ 12சி27 என்றோ டி2 என்றோ எழுதியிருக்கும். சில கடைக்காரர்கள் 'ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அந்தச் சொற்றொடரிலிருந்து வாங்குபவருக்குத் தெரிய வருவது ஒன்றுமே இல்லை. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்க்கப்போனால், எதைப் பார்த்து வாங்குவது என்பதும் கூடவே தெளிவாகிறது.

முதலில் பிளேடு. நமக்கு பிளேடு என்றாலே சவரத் தகடு. கத்தியில் பிடி போக மீதியுள்ள உலோகப் பகுதிக்குப் பழைய சொல் அலகு. பறவையின் மூக்கும் அலகு, முருகன் கோயில் திருவிழாவில் கன்னத்தில் குத்திக்கொள்வதும் அலகு. பாடநூல்கள் மீட்டர், கிலோகிராம் போன்றவற்றையும் அலகு என்பதால், கத்தியலகு என்று சேர்த்தே சொல்லிவிடலாம். வெட்டுகிற விளிம்புக்கு வேறு சொல் இருக்கிறது: வாய். 'அரிவாள் வாய் மழுங்கிப்போச்சு' என்று சொல்லாத ஊர் கிடையாது. எழுத உட்கார்ந்ததும் வாய் என்பதை விட்டுவிட்டு 'முனை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முனை கத்தியின் நுனி. வாய் நீளவாட்டில் ஓடுவது.

ஸ்டீல் அவ்வளவு சுலபமில்லை. ஆங்கில ஸ்டீல், ஜெர்மானிய ஷ்டால், சுவீடிய ஸ்டோல் எல்லாம் ஒரே வேர். 'அசையாமல் உறுதியாக நிற்பது' என்பது அதன் அடிப்பொருள். பிரெஞ்சின் அசியே, ஸ்பானியத்தின் அசெரோ, இத்தாலியத்தின் அச்சாயோ ஆகியவை வேறு வழியில் வந்தவை. அவற்றின் மூலம் 'அகியேஸ்' என்ற லத்தீன் சொல். அதன் பொருள் ஆயுதத்தின் கூர்வாய். வடக்கே இருந்தவர்கள் உறுதியைப் பார்த்துப் பெயரிட்டார்கள், தெற்கே இருந்தவர்கள் கூர்மையைப் பார்த்தார்கள்.

தமிழில் கூர்மையைப் பார்த்து வழங்கிய சொல் எஃகு. இலக்கண வகுப்பில் ஆய்த எழுத்துக்கு எடுத்துக்காட்டாகப் படித்து மறந்துபோன அதே எஃகுதான். சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் வேலையோ வேறு கூரிய படைக்கலத்தையோ குறிக்கும். அது எந்த உலோகம் என்பது அங்கே பின்னணியில்தான் இருக்கிறது. குறளில் இரண்டு இடங்கள் இதைத் தெளிவாகக் காட்டும். 'செய்க பொருளைச் செறுநர் செருக்கறுக்கும் எஃகதனிற் கூரிய தில்' (759) என்பதில் எஃகு ஒரு கருவி, பகைவனின் செருக்கை அறுக்கும் வாள். 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு' (773) என்பதில் கருவியும் போய்விட்டது, வெறும் கூர்மைதான் மிஞ்சியிருக்கிறது. வீழ்ந்த பகைவனுக்கு உதவுவது வீரத்தின் கூர்மை என்கிறார். இந்த எஃகை இன்றைய பொருளில் 'ஸ்டீல்' என்று வாசித்தால் குறள் கெட்டுவிடும்.

மற்றொரு சொல் உருக்கு. உருக்கியதால் உருக்கு, வேறு விளக்கம் வேண்டாம். மலையாளத்திலும் உருக்குதான், கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. இது பொருளைச் செய்த முறையைச் சொல்லும் பெயர். இரும்புத் துண்டுகளைத் தாவரப் பொருளோடு சேர்த்து மண்மூசைக்குள், அதாவது உலோகம் உருக்கும் மண்குவளைக்குள், அடைத்து, வாய் பூசி, மணிக்கணக்கில் ஊதிக் காய்ச்சினால் இரும்பு கரியை (கார்பனை) ஏற்று உருகிக் கட்டியாகும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்புத் தொழிலின் உலைகளும் எச்சங்களும் வெளிப்பட்டன. இந்த உருக்கு கப்பலேறி மேற்கே போனது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது 'ஊட்ஸ்' என்று குறிப்பிட்டார். உக்கு என்பது எழுத்துப் பிறழ்ந்து ஊட்ஸ் ஆனது என்பதே பெரும்பாலோர் கொள்கை. 'பம்பாயில் செய்யப்படுவது' என்று வேறு தலைப்பிலேயே போட்டிருந்தார். சரக்கு ஏறிய துறைமுகத்தைச் சரக்கு செய்த ஊராக எண்ணிவிட்டார் போலும். கால் நூற்றாண்டுக்குப் பின் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து ஊட்ஸைப் போலச் செய்துபார்க்க முயன்றார்.

(இன்று 'டமாஸ்கஸ்' என்று அலை அலையாகக் கோடு போட்டு விற்கிற கத்திகளில் அநேகமாக எதற்கும் அந்தப் பழைய மூசை உருக்கோடு தொடர்பில்லை. இரண்டு வகை உருக்கை அடுக்கி, அடித்து ஒட்டவைத்து, அமிலத்தில் முக்கிக் கோட்டை எடுப்பிக்கிறார்கள். அழகுக்கு வாங்கலாம். வெட்டும் திறனுக்குக் கோடு சாட்சி சொல்லாது.)

இப்போதைய வழக்கில் இரண்டு சொல்லும் ஒரே பொருளுக்கு நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் எஃகு என்கிறது, சேலத்தில் இருப்பதோ உருக்காலை. இலங்கைத் தமிழில் உருக்குத்தான் பெருவழக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அங்கே 'கறையில் உருக்கு' என்றும், இங்கே 'துருப்பிடிக்காத எஃகு' என்றும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. 1913இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாய்த் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரேர்லி, 12.8 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கு ஒன்றை வார்த்தார். அவர் அதற்கு வைத்த பெயர் 'துருவற்றது' என்ற பொருளில்தான் இருந்தது. அதை வினிகரில் சோதித்து, கறை பிடிக்கவில்லை என்று கண்டு 'ஸ்டெயின்லெஸ்' என்றவர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலை மேலாளர். இலங்கைச் சொல் மேலாளரின் பக்கம், நம் சொல் கண்டுபிடித்தவரின் பக்கம். ஆனால் 'பிடிக்காத' என்று அடித்துச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. கடற்கரை ஊரில் உப்புக்காற்றில் ஈரத்தோடு போட்டுவைத்தால் ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் புள்ளி புள்ளியாகத் துரு வரும்.

வீட்டில் வழங்கும் எவர்சில்வர் என்ற சொல்லையும் விடமுடியாது, ஏனென்றால் கத்தி வாங்கும்போது பலரை ஏமாற்றுவது அதுதான். பாத்திரம் செய்கிற 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் வாக்கில் இருக்கும். கரி 0.08ஐத் தாண்டாது. அதைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் எண்ணெயில் முக்கினாலும் கடினப்படாது. கத்திக்கு ஆகிற ஸ்டெயின்லெஸ் வேறு இனம்: குரோமியம் 13, 14 சதவீதம், கரி அரை சதவீதத்துக்கு மேல். காந்தத்தை வைத்துப் பாருங்கள், கத்தி இனத்தில் ஒட்டும், எவர்சில்வரில் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டுவதாலேயே நல்ல கத்தி ஆகிவிடாது. ஒட்டாததைத் தள்ளிவிட மட்டும் இந்தச் சோதனை போதும்.

இனி அந்த எண்களுக்கு வரலாம். அமெரிக்க எண்முறையில் 1095 என்றால், 10 என்பது வேறு கலப்பு சேராத கரி உருக்கு, 95 என்பது 0.95 சதவீதம் கரி. 5160 குரோமியம் சற்றுச் சேர்ந்த வில்லுருக்கு, கரி 0.60 சதவீதம். லாரிகளுக்கு அடியில் வளைந்திருக்கும் பட்டைகள் இதையொத்த உருக்கில்தான் வருகின்றன. நம் பட்டறைகளில் பழைய பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பதற்குக் காரணம் விலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கரி அளவு நடுத்தரமாக இருப்பதால் வெட்டும்போது அடி தாங்கும், உடையாது. 12சி27, 14சி28என் இரண்டும் சுவீடனில் சாண்ட்விக் உருவாக்கியவை. முதலாவதில் கரி 0.6, குரோமியம் 13.5 சதவீதம். இரண்டாவதில் சிறிது நைட்ரஜன் சேர்த்து, துரு எதிர்ப்பைக் கூட்டியிருக்கிறார்கள். சுவீடனின் மோரா ஊர்க் கத்திகள் பத்து செ.மீ. சொச்சம் அலகோடு, மலிவான விலையில் உலகம் முழுக்கப் போவது இந்த 12சி27ஐயும் சாதாரணக் கரி உருக்கையும் நம்பித்தான்.

டி2 ஒரு வேடிக்கை. அதில் குரோமியம் 12 சதவீதம் வாக்கில் இருக்கிறது, கணக்குப்படி பார்த்தால் ஸ்டெயின்லெஸ் ஆக வேண்டும். ஆவதில்லை. கரியும் 1.5 சதவீதம் இருப்பதால், குரோமியத்தில் பெரும்பங்கை அது கட்டிப்போட்டுக் கார்பைடு என்ற மிகக் கடினமான மணிகளாக்கிவிடுகிறது. மேற்பரப்பைக் காக்க மீதி இருப்பது போதாது. அந்த மணிகளால் வாய் எளிதில் தேயாது, கயிறும் அட்டையும் அறுத்துக்கொண்டே இருக்கலாம். அதே மணிகளால்தான், விறகின்மேல் வைத்து முதுகில் கட்டையால் அடித்தால் வாயில் சில்லு தெறிக்கும். சாணைக்கல்லில் தீட்டவும் பொறுமை வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உருக்கின் கதை, கலவைச் சீட்டு. கத்தி அதோடு முடிவதில்லை. 1095 அலகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, வேகமாகக் குளிரவைக்கும் எண்ணெயில் முக்கினால் கண்ணாடிபோல் கடினமாகி, கீழே விழுந்தாலே உடையும் நிலைக்கு வரும். பிறகு 200 டிகிரி சுற்றுவட்டத்தில் மறுபடி சூடாக்கி அந்த விறைப்பைக் குறைக்க வேண்டும். பாகு பதம் போல ஒரு கணக்கு, தாண்டினால் திரும்பாது. முதல் வேலைக்குத் தமிழ்ச் சொல் தோய்ச்சல். இரண்டாவதற்குப் பதமாக்கல் என்பேன். இரண்டையும் சேர்த்தே தோய்ச்சல் என்பவர்களும் உண்டு. கரி உருக்கை அனுபவமுள்ள கொல்லர் உலைக்களத்திலேயே இப்படிச் செய்துவிடுவார், காந்தம் ஒட்டாமல் போகும் நிலையைத் தாண்டிச் சூடேறியதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஸ்டெயின்லெஸ் அப்படி இல்லை. அதற்கு 1050 டிகிரிக்கு மேல், அளவு மாறாத சூளை வேண்டும். உள்ளூரில் அடித்து வாங்குவதானால் கரி உருக்கு, ஸ்டெயின்லெஸ் வேண்டுமானால் ஆலையில் செய்தது என்று நான் வகுத்துக்கொண்டது இதனால்தான்.

எச்ஆர்சி என்று போட்டிருக்கும் எண் தோய்ச்சலும் பதமும் முடிந்த பிறகு அளப்பது. வைரக் கூம்பை 150 கிலோகிராம் விசையில் அழுத்தி, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது ராக்வெல் முறை. வெளிவேலைக் கத்திக்கு 56 முதல் 60 வரை சரி, வெட்டுக்கத்திக்கு அதற்கும் சற்றுக் கீழே. எண் ஏறினால் கூர் நீடிக்கும், அடி தாங்குவது குறையும். இங்கே தமிழில் ஒரு சங்கடம் உண்டு. அழுத்தினால் பள்ளம் விழாத குணத்தையும், அடித்தால் உடையாத குணத்தையும் 'கடினம்' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகிறோம். கத்தியில் அவை ஒன்றுக்கொன்று எதிர். முதலாவதைக் கடினம் என்றும் இரண்டாவதை உரம் என்றும் பிரிக்கலாம். 'நெஞ்சுரம்' என்கிறோமே, அந்த உரம். வயலுக்குப் போடும் உரம் குறுக்கே வரும்தான், ஆனால் கத்திப் பேச்சில் யாரும் யூரியாவை நினைக்கப்போவதில்லை.

ஆகவே என் வழக்கு இது: அலகில் பொறித்திருக்கும் எண் உருக்கின் பெயர், தோய்ச்சலும் பதமும் சாணையும் முடிந்து வெட்டுகிற நிலைக்கு வந்தது எஃகு. சொற்களின் பழைய பொருளுக்கு இது ஒத்துவருகிறது. ஒரே 1095ஐ இரண்டு ஆலைகள் இரண்டு தரத்தில் தருவதையும் இது விளக்கிவிடுகிறது. பாடநூல் வேதியியலில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளட்டும், அங்கே நஷ்டமில்லை.

எதை வாங்குவது? கடலோரம், மழைக்காடு, படகு என்றால் 14சி28என் அல்லது 12சி27. மரம் கழிக்கவும் புதர் வெட்டவும் நீண்ட அலகு வேண்டுமென்றால் வில்லுருக்கு. தினமும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசச் சலிக்காதவர்களுக்கு 1095: சாணைக்கு உடனே வசப்படும், சிக்கிமுக்கிக் கல்லில் முதுகால் உரசினால் பொறியும் பறக்கும். ஸ்டெயின்லெஸ் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. எலுமிச்சையும் வாழைப்பூவும் நறுக்கினால் 1095 கறுக்கும். அரிவாள்மனையில் பார்த்துப் பழகிய கறுப்புத்தான் அது, துரு என்று பயந்து தேய்த்துத் தள்ள வேண்டாம். டி2ஐ அறுப்பு வேலைக்கு மட்டும். 2021இல் வந்த மேக்னகட் போன்ற, உலோகத்தைத் தூளாக்கி அழுத்திச் செய்யும் தூள்முறை உருக்குகள் துரு எதிர்ப்பையும் உரத்தையும் ஒருசேரத் தருகின்றன, விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழில் ஒரு கத்தியின் விவரச் சீட்டை எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: கத்தியலகு 10 செ.மீ.; முதுகுத் தடிப்பு 2.5 மி.மீ.; உருக்கு 12சி27, துரு எதிர்ப்பது; எண்ணெய்த் தோய்ச்சலோ காற்றுத் தோய்ச்சலோ எதுவென்று ஒரு சொல்; பதமாக்கிய பின் கடினம் 57 எச்ஆர்சி; அலகு பிடியின் அடிவரை ஓடுகிறதா, பாதியில் நிற்கிறதா.