தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்குங்கள்

குளிர்காலத்தில் விடிகாலையில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "கன்னுக்குட்டி இருமுது டாக்டர். நேத்து ராத்திரியிலிருந்து பால் குடிக்கல. குளிர் தாங்கலபோல."

போய்ப் பார்த்தால் கொட்டகையைச் சுற்றி நான்கு பக்கமும் தார்ப்பாய். காற்றில் தூக்காமல் இருக்க அடியில் கல் வைத்திருப்பார்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சாக்கு அடைத்திருக்கும். "ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். உள்ளே கால் வைத்ததும் எனக்குக் கண் எரியும்.

அந்த எரிச்சல்தான் நோய்க்குக் காரணம். மூத்திரமும் சாணமும் ஊறிய தரையிலிருந்து கிளம்பும் அம்மோனியா அது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் உண்டு. தூசியையும் கிருமியையும் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. அம்மோனியா அவற்றை முடக்கிவிடும். கூடவே, பெரிய மாடு ஒன்று ஒரு நாளில் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் பல லிட்டர் நீரை ஆவியாக விடுகிறது. வெளியேற வழியில்லாத ஆவி கூரையில் படிந்து, துளித் துளியாக மாட்டின் முதுகிலேயே சொட்டும். இரவு முழுக்க நனைந்தபடி நச்சுக்காற்றைச் சுவாசிக்கும் கன்றுக்கு நுரையீரல் அழற்சி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வேலைக்கு வந்த புதிதில் இப்படியொரு கொட்டகையில் கன்றுக்கு ஊசி போட்டேன், மாத்திரை கொடுத்தேன், கிளம்பிவிட்டேன். தார்ப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. நான்காம் நாள் அதே வீட்டிலிருந்து மறுபடி போன். முதல் கன்று தேறியிருந்தது. பக்கத்தில் கட்டியிருந்த அடுத்த கன்று படுத்துவிட்டது. அன்றிலிருந்து தெர்மாமீட்டரை எடுக்கும் முன் மூக்கைத்தான் முதலில் பயன்படுத்துகிறேன். அதுவும் நின்றபடி அல்ல, கன்றின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து. நம் உயரத்தில் நன்றாக இருக்கும் காற்று அங்கே வேறு மாதிரி இருக்கும்.

தடுக்க வேண்டியது மாட்டின் உடம்பு உயரத்தில் நேராக வந்து அடிக்கும் காற்றை. தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, இடைவெளி திறந்தே இருக்கட்டும்.

குளிரைப் பற்றி நமக்கு இருக்கும் பயம் நம் தோலிலிருந்து வருவது. வளர்ந்த மாட்டின் பெருவயிற்றுக்குள் தீவனம் இரவும் பகலும் புளித்து வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கிறது. போதிய தீவனத்தோடு, குளிர்கால முடி வளர்ந்து, உடம்பு காய்ந்திருந்தால் 0 டிகிரி செல்சியஸ் வரைகூட அது பெரிதாகச் சிரமப்படாது. அதே மாடு நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே குளிரோடு போராடத் தொடங்கிவிடும். உறைபனி விழும் வறண்ட இரவைவிட, காற்றோடு தூறல் போடும் 12 டிகிரி மாலை எனக்கு அதிகக் கவலை தரும். அன்று கூடுதலாகத் தர வேண்டியது தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் அல்ல. வைக்கோலோ உலர்புல்லோ ஒரு கட்டு. நார் அதிகமுள்ள தீவனம் செரிக்கும்போதுதான் வெப்பம் அதிகம். அதை இரவுக்கென்று வைத்துக் கொடுங்கள்.

பிறந்த கன்றின் கதை வேறு. அதன் பெருவயிறு இன்னும் வேலை செய்யவில்லை. 15 டிகிரிக்குக் கீழே போனாலே அதற்குக் குளிர்தான். ஆனால் அந்தக் குளிர் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுகிறது. படுத்திருக்கும் கன்றின் கால்கள் வைக்கோலுக்குள் புதைந்து மறைய வேண்டும். கால் முழுதாகத் தெரிந்தால் படுக்கை போதாது. ஈரம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அரை நிமிடம் மண்டியிட்டு உட்காருங்கள். எழுந்ததும் முழங்காலில் துணி நனைந்திருந்தால் படுக்கையை மாற்றியாக வேண்டும். பண்ணைக்காரர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை, என் கால்சட்டையில் அந்தக் கறை நிரந்தரம்.

சீம்பால் விஷயத்தில் நேரம்தான் எல்லாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். 30 கிலோ கன்றுக்குச் சுமார் 3 லிட்டர், முதல் அரை நாளுக்குள். 24 மணி நேரம் ஆனபின் எவ்வளவு ஊட்டினாலும் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தி குடலைத் தாண்டி ரத்தத்தில் சேராது. சில்லிட்டுப் போன சீம்பாலை நேராக அடுப்பில் காய்ச்சாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றுங்கள். கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் வாயில் பால் ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். துடைத்துக் காயவைத்துப் போர்த்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தையோ எண்ணெயையோ தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

குளிர்காலத்தில் யாரும் கவலைப்படாத ஒன்று தண்ணீர். பாலில் 87 சதவீதம் தண்ணீர். ஒரு லிட்டர் பால் தர மாடு மூன்று, நான்கு லிட்டர் குடிக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் பனிபோல் கிடந்தால் வாயை வைத்துவிட்டு விலகிவிடும். பால் குறையும், சாணம் இறுகும், "தீவனம் சரியில்லை" என்று பழி தீவனத்தின்மேல் விழும். இதைவிட மோசம் ஆட்டுக் கிடாக்களின் நிலை, முக்கியமாகக் காயடித்தவை. தண்ணீர் குறைவாகக் குடித்து, தானியம் அதிகம் தின்றால் மூத்திரப்பாதையில் கல் அடைக்கும். முதுகை வளைத்து முக்கிக்கொண்டே நிற்கும். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் கைவைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதற்குள் மூத்திரப்பை வெடித்தே போயிருக்கும். முக்குகிற கிடாவைப் பார்த்தால் மூத்திரம் போகிறதா என்று முதலில் கவனியுங்கள். காலையிலும் மாலையிலும் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பது இத்தனை தொல்லைக்கும் மலிவான தடுப்பு.

இன்னொன்று, அடர்ந்த முடி மெலிவை மறைத்துவிடும். கண்ணை நம்பாமல் வாரம் ஒருமுறை விலாவிலும் முதுகெலும்பிலும் விரலால் அழுத்தித் தடவுங்கள். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு கடைசி ஆறு வாரத்தில் உள்ளுக்குள்ளேயே இளைத்து, திடீரென்று தீவனத்தை விட்டு, ஒதுங்கி நின்று பல்லைக் கடிக்கும். அதை மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. கையை வைக்கும்போதே முடியை விலக்கிப் பேனும் பாருங்கள். குளிரில்தான் அது பெருகும்.

குளிர்காலத்தில் கோழி முட்டை குறைவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமல்ல, பகல் குறுகியதுதான். கறந்தபின் காம்பை மருந்தில் முக்கினால், அரை நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டே வாடைக்காற்றில் அனுப்புங்கள். வெடித்த காம்பு மடிநோய்க்குத் திறந்த கதவு.

அடைத்த கொட்டகைக்குள் கரியடுப்பு மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மாட்டோடு, காவலுக்குப் படுத்தவரையும் அது கொண்டுபோய்விடும். சூட்டுக்குப் பல்பு தொங்கவிட்டால் சங்கிலியில் தொங்கவிடுங்கள். வைக்கோல்மேல் விழுந்த பல்பு போதும், கொட்டகை எரிய.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டரைக் கால்நடைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் பசுவுக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், ஆட்டுக்கு 102 முதல் 103.5 வரை இயல்பு. காய்ச்சலுக்கு மட்டும் பயந்தால் போதாது. பிறந்த கன்றுக்கு 100-க்குக் கீழே இறங்கினாலும் அதே அளவு ஆபத்து. போன் செய்யும்போது "குளிர் தாங்கல" என்பதற்குப் பதில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். நான் வண்டியை எடுப்பதற்குள் தார்ப்பாயின் மேல்பக்கத்தை ஒரு அடி இறக்கிவிடுங்கள்.